கால் கட்டைவிரல்

பூங்கா கேட்டில் அட்டையைக் கேட்டதும் புனிதவதி பைக்குள் கையை விட்டாள், கையில் வந்தது அவருடைய அட்டை, எப்போதும் அதுதான் முதலில் வரும், இருந்த காலத்தில் நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிற மனுஷன். தணிகாசலம், வயது அறுபத்தாறு, காலை நடைக்கு மட்டும், ஐந்தரை முதல் எட்டு வரை. அதை உள்ளே தள்ளிவிட்டுத் தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். காவலாளி பார்க்காமலே தலையாட்டினான். இவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள். போன வருஷம் இதே தேதியில் இதே கேட்டு வழியாக ஐந்தே முக்காலுக்கு உள்ளே போன மனுஷன் எட்டு மணிக்கு வெளியே வரவில்லையே என்று எவன் பார்த்தான். உள்ளே போகிறவர்களைப் பார்க்கத்தான் ஆள் போட்டிருக்கிறார்கள், வெளியே வராதவர்களைப் பார்க்க ஆள் இல்லை. சரி, இவனை விடு, இவன் இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு அந்த யோகா மாஸ்டர் ஏகாம்பரம் ஒருத்தன் போதும். திதி போன வாரமே முடிந்துவிட்டது, மகன் இளமாறன் புனேயிலிருந்து வந்து எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டு, "ஒரு வருஷம் ஆயிடுச்சும்மா, இனிமேலாவது எங்ககூட வந்து இரு" என்று அவளிடம் சொல்லாமல் சுவரிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான். தேதி இன்றைக்குத்தான் வருகிறது. திதி அவருக்கு. தேதி ஏகாம்பரத்துக்கு. அவன் கதற வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு நடுவே, எல்லார் முன்னாலும், ஐயோ நான் பார்க்காமல் விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு கதற வேண்டும், அதை அவள் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்கு இந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை.

ஊருக்கு நடுவே இவ்வளவு பெரிய காட்டை எப்படித்தான் விட்டுவைத்தார்களோ. ஒரு பக்கம் பஸ் ஹார்ன், இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டே இருக்கிற அடுக்குமாடி, தலைக்கு மேலே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விமானம், நடுவில் ஒன்றும் தெரியாத மாதிரி மான் நின்று இலை மெல்லுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மான் அவளைப் பார்த்தது. பார்க்கட்டும். நீயும் அன்றைக்கு இங்கேதான் நின்றிருப்பாய், நீ என்ன செய்தாய். விலங்குகளுக்கு உணவளிக்காதீர் என்ற பலகைக்குப் பக்கத்தில் ஒருவர் பாக்கெட்டைப் பிரித்து பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார், அவரைச் சுற்றி நாலு குரங்கு. மண்பாதையில் ராத்திரி மழையின் ஈரம். இந்தப் பாதையில்தான் அவர் நடந்திருக்கிறார், ஏரியைச் சுற்றி, மூங்கில் புதரைத் தாண்டி, மெதுவாக, அன்றைக்கு ரொம்ப மெதுவாகத்தான் நடந்திருப்பார், ஏனென்றால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, சரி, அது இருக்கட்டும். சுக்குக் காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார், அடியில் ஒரு விரல் அளவு மிச்சம், அதைத் தேய்த்துக் கழுவினது கூட நினைவிருக்கிறது, அது இருக்கட்டும். படுத்தவர் எழுந்திருக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். தூங்குமூஞ்சி மரத்தடியில் இருபது முப்பது பேர் யோகா செய்கிறார்கள், கடைசிப் பத்து நிமிஷம் எல்லாரும் சவாசனம் என்று பிணம் மாதிரி மல்லாந்து கிடப்பார்கள், அந்த வரிசையின் ஓரத்தில் அவரும் போய்ப் படுத்திருக்கிறார். அவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்த ஆளே இல்லை. குனிந்து செருப்பு வார் போடவே முனகுகிற மனுஷன், அவருக்கு என்ன யோகா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுக்க இடம் தேடியிருக்கிறார், படுத்துக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் இடம் இருந்திருக்கிறது. நடுரோட்டில் விழுந்திருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். கள்ளுக்கடை வாசலில் விழுந்திருந்தால்கூட ஒருத்தன் தட்டி எழுப்பிப் பார்த்திருப்பான். பிணமாகக் கிடக்கப் பழகுகிறவர்கள் நடுவே போய்ப் பிணமானால் எவன் கண்டான்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஊர் உலகத்தில் நடக்காததா. பதினாறாம் நாள் அந்த ஜெசிந்தா வந்தாள், யோகா கூட்டத்துக்காரி, பக்கத்துத் தெருவில் தையல் கடை, நல்ல மனசுதான், அந்த மாதிரி நல்ல மனசுக்காரர்கள் ஆறுதல் சொல்ல வந்தால்தான் ஆபத்து. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அவ்ளோ அமைதியா படுத்திருந்தாருக்கா. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. மாஸ்டரே எங்ககிட்ட சொன்னாரு, எல்லாரும் இந்த சாரப் பாருங்க, சவாசனம்னா இப்படி இருக்கணும், உடம்ப முழுசா விட்டுட்டாரு பாருங்கன்னு." புனிதவதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அன்று ராத்திரியிலிருந்து அந்த வாக்கியம் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. உடம்ப முழுசா விட்டுட்டாரு பாருங்க. அரிசி களையும்போது பாருங்க. பால் பொங்கும்போது பாருங்க. எல்லாரும் எழுந்து உட்கார்ந்ததும் செத்துக்கொண்டிருக்கிற மனுஷனைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறான் பாவி, அதற்கப்புறம் கையைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழக்கம்போல மூன்று தடவை ஹா ஹா ஹா என்று வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள், சிரித்தால் நோய்விட்டுப் போகுமாம், சிரித்துவிட்டு, அவர் தியானத்தில் இருக்கிறார் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நுனிக்காலில் நடந்து கலைந்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்குச் சருகு பெருக்க வந்த பொம்பளைதான் பார்த்திருக்கிறாள், கண்ணோரத்தில் எறும்பு. முப்பது படித்தவர்களுக்குத் தெரியாதது அவளுக்கு ஒரு எறும்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். போலீஸுக்குப் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது, என் புருஷனைப் பாராட்டினான் என்றா. ஆறப்போட்டாள், எட்டு மாசம் ஆறப்போட்டாள், அது ஆறவில்லை, அப்புறம் ஒரு நாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, எனக்கும் முட்டிவலி, உங்க மாஸ்டர்கிட்ட சேத்துவிடேன் என்றாள்.

மூன்று மாசமாக வருகிறாள். ஏகாம்பரத்துக்கு மாஸ்டர் என்று கும்பிடு போடுகிறாள். அறுபது வயசு இருக்கும், ஒட்டின கன்னம், வெள்ளை பனியன், கழுத்தில் விசில், ஏதோ பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வானவன். முதல் நாள் அவள் பேரைச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், எல்லாம் தெரியும் அவனுக்கு. "வாங்கம்மா" என்றான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை, மூன்று மாசமாக அவள் இருக்கிற பக்கம் வந்தால் மண்ணைப் பார்த்துக்கொண்டு போகிறான். ஒன்று மட்டும் புதுசாகச் செய்கிறானாம், ஜெசிந்தா சொன்னாள். முன்னெல்லாம் சவாசனத்தில் அவனும் கூடப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவானாம். இப்போது படுப்பதில்லை. பேசி முடித்ததும் எழுந்து ஒவ்வொருத்தர் காலடியாகப் போய்க் கட்டைவிரலைத் தொடுகிறான், தொட்டதும் அவர்கள் விரலை அசைத்துக் காட்ட வேண்டும், அசைத்தால் அடுத்த ஆளிடம் போவான். வித்தை காட்டுகிறான். ஊரார் காலைத் தொட்டுப் புண்ணியம் தேடுகிறான். ஆனால் அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவளுக்கு வழி கிடைத்தது. தொடு, என் விரலையும் தொடு, அது அசையாது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் படுத்துப் பழகினாள், மூச்சை நெஞ்சுக்கு ஏறவிடாமல் அடிவயிற்றிலேயே வைத்துக்கொள்ள, கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று இருக்க, காலிங் பெல் அடித்தாலும் இமை அசையாமல் கிடக்க. ஒரு நாள் கேஸ்காரன் மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்பிப் போனான், அவளுக்குப் பெருமையாக இருந்தது. சமையலறையில் புழங்கி வளர்ந்த பொம்பளைக்குச் சூடு தாங்கத் தெரியும், இது என்ன பிரமாதம்.

"இன்னிக்கு முன்னாடி வந்துட்டீங்கக்கா" என்றாள் ஜெசிந்தா, பாயை விரித்தபடி. "இன்னிக்குத்தானே அண்ணனோட" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். புனிதவதி வரிசையின் ஓரத்துக்குப் போனாள், வேர் புடைத்திருக்கிற இடம், அவர் எங்கே கிடந்தார் என்று பெருக்குகிற பொம்பளையிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். கை தூக்கினார்கள், குனிந்தார்கள், அவளும் தூக்கினாள், குனிந்தாள், ஏகாம்பரம் இன்றைக்கு எண்களை விட்டு விட்டு எண்ணினான், ஆறுக்கு அப்புறம் எட்டு என்றான், தேதி அவனுக்கும் தெரிந்திருக்கிறது, தெரியட்டும். மல்லாந்து படுத்தாள். மேலே தூங்குமூஞ்சி மரம், கிளை கிளையாக வானத்தை மறைத்துக்கொண்டு, விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இதைத்தான் பார்த்தாரா. கடைசியாக இதையா. ஒரு மைனா கத்துகிறது. வேர் முதுகில் குத்தியது, அவருக்கும் குத்தியிருக்கும். "கண்ண மூடிக்குங்க" என்றான் ஏகாம்பரம், "கால் கட்டைவிரல விட்டுடுங்க." விட்டாள். அவர் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினது அவள்தான், மச்சினர் முறுக்கிக் கட்டத் தெரியாமல் நின்றார், கொடுங்க என்று வாங்கிக் கட்டினாள், நகம் வெட்டாமல் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "முட்டிய விட்டுடுங்க." முட்டி. "தொடை." "இடுப்பு." குரல் மேலே ஏறி வருகிறது, இந்தக் குரலைத்தான் அவரும் கேட்டுக்கொண்டு கிடந்தார், விட்டுடுங்க விட்டுடுங்க என்று, இவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக விட்டிருக்கிறார், வாழ்நாளில் யார் பேச்சையும் கேட்காதவர் இவன் பேச்சைக் கேட்டிருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தாரா. குரல் வரவில்லையா. கையைத் தூக்கியிருந்தால் கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு. "வயித்த விட்டுடுங்க." "நெஞ்ச விட்டுடுங்க."

நெஞ்சு. இங்கேதான் தினமும் தடுக்குகிறது. அடுத்தது தோள், தோளுக்குப் போய்விடலாம், தோளுக்குப் போ என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள், ஆனால் மனசு தோளுக்குப் போகவில்லை, சமையலறைக்குப் போனது. ஐந்தே கால் மணி. அவர் வாசல்படியில் நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "என்னமோ பண்ணுது புனிதா, இன்னிக்கு நடக்கப் போவல" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தின நாள் வாழைக்காய் பஜ்ஜி எட்டு தின்றார், அதைச் சொல்லிக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் ஒரு சின்ன சந்தோஷம், அதுதான் உண்மை. "வாய்வு. சுக்குக் காப்பி போட்டுத் தரேன். ரெண்டு ரவுண்டு நடந்தா எறங்கிடும், போயிட்டு வாங்க, வீட்ல உக்காந்துட்டு என் உயிர எடுக்காதீங்க." என் உயிர எடுக்காதீங்க. இதை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் கேட்டார், காலையில் ஏதாவது தொந்தரவு சொன்னாரா. இல்லை என்றாள். இளமாறன் கேட்டான். நல்லாத்தான் போனார்டா என்றாள். போலீஸ்காரர் கேட்டார், நல்லாத்தான் போனார் ஐயா. சொல்லிச் சொல்லி அதுவே நடந்த மாதிரி ஆகிவிட்டது, நல்லாத்தான் போனார், பூங்காவில் முப்பது பேர் சேர்ந்து சாகவிட்டார்கள், ஏகாம்பரம் பாராட்டினான். ஆமாம், பாராட்டினான். நான் ஒரு வார்த்தை சொன்னேன் என்றால், ஊரில் எந்தப் பெண்டாட்டிதான் சொல்லவில்லை. அவன் கண்ணெதிரே கிடந்தார். அவன் பார்த்தான். பார்த்துவிட்டுப் பாடம் நடத்தினான். கோபம் மறுபடியும் சூடாக ஏறியது, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு, கோபம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. "தோள விட்டுடுங்க." "தொண்ட." "கண்ணு." அப்புறம் குரல் நின்றது. காலடிச் சத்தம்.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வருகிறான். ஈரச் சருகு சதசதக்கிறது, நிற்கிறது, சதசதக்கிறது, நிற்கிறது. திடீரென்று ஒரு பயம் வந்தது, இவன் கண்டுகொள்ளாமல் போய்விட்டால், அவளையும் காட்டி, பாருங்க இந்த அம்மா எப்படி விட்டுட்டாங்க என்று சொல்லிவிட்டால், ஹா ஹா ஹா என்று சிரித்துவிட்டு எல்லாரும் நுனிக்காலில் போய்விட்டால், அவள் ஒன்பது மணி வரைக்கும் எறும்புக்குக் காத்திருக்க வேண்டுமா. ஜெசிந்தாவின் கொலுசு அசைந்தது, விரலை ஆட்டிக் காட்டியிருக்கிறாள். இதோ. அவன் விரல் அவள் கட்டைவிரலில் பட்டது, குளிர்ந்த விரல். அவள் அசைக்கவில்லை. எடுத்தான். மறுபடி தொட்டான், கொஞ்சம் அழுத்தி. அசைக்கவில்லை. "அம்மா" என்றான், மெதுவாக. கிடந்தாள். "அம்மா." இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து ஆட்டினான். அப்புறம் கூப்பாடு போட்டான், "எல்லாரும் எந்திரிங்க, எந்திரிங்கப்பா, அம்மா பேச மாட்றாங்க", விசிலை வாயில் வைத்து ஊதினான், ஊத மூச்சு இல்லாமல் பாதியில் அது கீச்சென்று நின்றது. தடதடவென்று கால்கள், யாரோ தண்ணீர் என்றார்கள், யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போடுகிறார்கள். ஏகாம்பரம் அவள் பக்கத்தில் முட்டி போட்டு விழுந்தான், மண்ணில் முட்டி மோதின சத்தம் கேட்டது. "ஐயோ, அதே எடம், அதே எடத்துல" என்றான், அழுகை வந்துவிட்டது அவனுக்கு, ஆம்பிளை அழுகை, பழக்கமில்லாத அழுகை. இதற்குத்தானே வந்தாள். தேன் மாதிரி இருந்தது. அழு. இன்னும் அழு. ஒரு வருஷமாக நான் அழுததை நீ பத்து நிமிஷத்தில் அழுது தீர்த்துவிட முடியாது, அழு.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். "நாடி இருக்கு. படபடன்னு ஓடுது." மூச்சை அடக்கிவிடலாம், இதயத்தை யார் அடக்குவது. ஜெசிந்தா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், "ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டாங்க, சாப்புட்டாங்களோ என்னமோ. வாய்வாத்தான் இருக்கும் மாஸ்டர், எங்கம்மாவுக்கும் இப்படித்தான்." ஏகாம்பரம் கத்தினான், அவன் யாரிடமும் கத்தி அவள் கேட்டதில்லை. "வாய்வுன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. அவரும் அதத்தான் சொன்னாரு. நெஞ்சத் தேய்ச்சிக்கிட்டே வந்தாரு, என்னா சார்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, வாய்வு, வீட்ல சொன்னாங்க, ரெண்டு ரவுண்டு நடந்தா எறங்கிடும்னு அனுப்பிச்சாங்க, முடியல, கொஞ்சம் படுத்துக்கட்டுமான்னாரு. படுங்க சார்னேன். வாய்வுன்னதும் நானும் நம்பிட்டேன்." "இவங்களா அனுப்பிச்சாங்க?" என்றாள் ஜெசிந்தா, குரலைத் தாழ்த்தி. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்றான் ஏகாம்பரம், "போலீஸ்கிட்டயே நான் சொல்லல. அவங்க பையன் கேட்டாரு, அவருகிட்டயும் சொல்லல. இருக்கற துக்கத்துல இது வேற அவங்களுக்கு எதுக்கு. பாக்காம விட்டது நான்தான்னு இருக்கட்டும், எனக்கென்ன, நான் தாங்கிப்பேன்."

புனிதவதி கிடந்தாள். இமைக்குப் பின்னால் வெளிச்சம் சிவப்பாக இருந்தது. இப்போது கண்ணைத் திறந்தால் ஏகாம்பரத்தின் முகம் இருக்கும், அவனுக்கு எல்லாம் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும், மூன்று மாசமாக அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு போனது அவனுக்காக இல்லை. திறக்கக் கூடாது என்று எவ்வளவோ பழகிவிட்டு வந்தாள், இப்போது திறந்துவிட வேண்டும் என்று பார்க்கிறாள், இமை ஏறவில்லை. பக்கத்தில் கால்சட்டைப் பையைத் துழாவுகிற சத்தம், மாத்திரை அட்டை கிழிகிற சத்தம். "நெஞ்சுவலி மாத்திரை, அவர் போன அன்னிக்கு சாயங்காலமே வாங்கினது" என்றான் யாரிடமோ, "தெனம் பையிலதான் வெச்சிருக்கேன். வாயத் தொறங்கம்மா. நாக்குக்கு அடியில வெச்சிக்கணும். அம்மா, காது கேக்குதா, கொஞ்சம் தொறங்க." அவள் வாயைத் திறந்தாள். விரல் ஒன்று பல்லில் இடித்து, நாக்கைத் தூக்கி, மாத்திரையை உள்ளே வைத்தது. கொஞ்சம் சுரீரென்றது, பிறகு கசந்தது. இது அவருடைய மாத்திரை. "நான்" என்று ஆரம்பித்தாள், "நான்தாங்க", அவன் அவள் வாயை மெல்லப் பொத்தினான். "பேசாதீங்கம்மா. கரையட்டும்." அந்தக் கை அப்படியே இருந்தது. ஜெசிந்தா அவள் காலடிக்கு யாரையோ அனுப்பிக் கட்டைவிரலைத் தேய்த்துவிடச் சொன்னாள், புனிதவதி விரலை அசைத்தாள், மறுபடியும் மறுபடியும் அசைத்தாள், ஏகாம்பரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.